நான்காவது நிபந்தனை

மூச்சை வெட்டுவது என் வேலை.

தொலைக்காட்சி விளம்பரம் முப்பது விநாடி என்றால் அதில் இருபத்து நான்கு விநாடி சிரிப்புக்கும் இசைக்கும். கடைசி ஆறு விநாடி நிபந்தனைகளுக்கு. ஒரு பத்தி அளவு சட்ட வாசகம் அந்த ஆறு விநாடிக்குள் அடங்க வேண்டும். எவ்வளவு வேகமாக வாசிக்கிறவரும் நடுவில் மூச்சு விட்டாக வேண்டும். கணினித் திரையில் பேச்சு பெரிய அலைகளாகத் தெரியும். மூச்சு அவற்றுக்கு நடுவே தூசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். தூசியைத் தட்டிவிட்டு அலைகளை நெருக்கி வைப்பேன். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். அலைகள் பற்றிய பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண்.

எங்கள் ஒலிப்பதிவுக் கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. முதலாளியை மீட்டர் என்போம். யார் எதைப் பேசினாலும் அவர் கண் ஒலி அளவு காட்டும் முள்ளின் மேலேயே இருக்கும். நிபந்தனைகளை வாசிப்பவருக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். ஐம்பதைத் தாண்டியவர். முன்பு ஏலக் கடையில் விலை கூவிக்கொண்டிருந்தார்.

"சார், இன்னிக்கு ஆறு வரி. எட்டு விநாடில முடிச்சுக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்பேன்.

"எட்டா? என்னைக் கொன்னுட்டு இன்சூரன்ஸ் விளம்பரத்தையும் நீயே வெட்டலாம்னு பாக்கறியா?"

"அதுக்கும் நிபந்தனை இருக்கு சார்."

"அதானே. சும்மா சாக விடுவீங்களா."

ஒற்றைப்படை வரிகளை ஒரு தரமும் இரட்டைப்படை வரிகளை இன்னொரு தரமும் தனித்தனியாக வாசிப்பார். முதல் வரியின் வால் முடிவதற்குள் இரண்டாவது வரியின் தலையை அதன் மேல் ஏற்றிவைப்பேன். அப்போது ஒரே குரல் ஒரே நேரத்தில் இரண்டு வரிகளைப் பேசும். கேட்கிறவருக்கு யாரோ பேசுவது தெரியும். என்ன பேசுகிறார் என்பது தெரியாது. இந்த முறையை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். அதன் பிறகுதான் எங்களுக்கு வேலை நிறைய வர ஆரம்பித்தது.

வீட்டில் இதைச் சொன்னதில்லை. "விளம்பரத்துக்குச் சத்தம் சேக்கறேன்" என்று சொல்லியிருந்தேன். அம்மா அதைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மா மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். பத்தொன்பது வருடம். காலை எட்டரையிலிருந்து இரண்டு மணி வரை, பிறகு ஐந்திலிருந்து ஒன்பது வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் மூன்று முறை வாசிப்பாள். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, கத்தரியால் வெட்டும்போது ஒரு முறை, உறையில் போடும்போது ஒரு முறை. இத்தனை வருடத்தில் ஒரு மாத்திரைகூட மாறிப் போனதில்லை. இதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. கடைக்காரர்தான் சொல்வார்.

மாலை ஆனால் அவள் பாதம் இரண்டும் வீங்கிவிடும். அதற்காகத்தான் கால் பிடிக்கும் எந்திரம் வாங்கினாள். விளம்பரத்தில் ஒரு பெண் வீட்டுக்கு வந்து கைப்பையை வீசிவிட்டு, எந்திரத்தின் இரண்டு குழிகளிலும் காலை நுழைத்துச் சிரிப்பாள்.

"அந்தப் பொண்ணப் பாத்தா ஒரு நாளும் நின்னு வேல செஞ்ச மாதிரி தெரியல. ஆனா எந்திரம் நல்ல எந்திரமாத்தான் தெரியுது" என்றாள் அம்மா.

எந்திரம் வீட்டுக்கு வந்தபோது பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. மாதம் நாற்பது விளம்பரம் வெட்டுகிறேன். சொற்கள் நினைவில் நிற்பதில்லை. இருந்தாலும் அதில் ஏதோ ஒரு மாதக் கட்டணம் இருந்தது என்று லேசாக ஞாபகம் வந்தது. அம்மா காலை நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "யாரோ பக்கத்துல உக்காந்து அமுக்கிவிடற மாதிரியே இருக்குடி" என்றாள். நான் காலிப் பெட்டியை மடித்துப் பரண்மேல் போட்டேன்.

மூன்றாவது மாதம் அப்பா கண்டுபிடித்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் கணக்குப்படி உலகத்தில் யாருக்கும் சரியாக ஓட்டத் தெரியாது.

"போன மாசம் ஐந்நூத்தித் தொண்ணூறு. இந்த மாசமும் ஐந்நூத்தித் தொண்ணூறு. யாருக்கும்மா கப்பம் கட்டிட்டு இருக்க?"

"நான் யாருக்கும் கட்டலயே."

"கால் பிடிக்கிறவனுக்குத்தான். பராமரிப்புத் திட்டமாம். இந்தா, மெசேஜ் வந்திருக்கு பாரு."

"அது இலவசம்னுல்ல சொன்னாங்க."

"முதல் மாசம் இலவசம். கண்ணாடியப் பாக்காமத் திருப்பினா பின்னாடி வர்றவன் இடிக்கத்தான் செய்வான்."

"உங்களுக்கு எதெடுத்தாலும் கண்ணாடி. நான் பாத்துத்தான் வாங்கினேன்."

அம்மா உள்ளே போய் ஒரு அட்டையை எடுத்து வந்தாள். மருந்துப் பெட்டியைப் பிரித்து விரித்த அட்டை. அதன் வெள்ளைப் பக்கத்தில் அவளுடைய குண்டு எழுத்தில் எண் போட்டு எழுதியிருந்தது.

"தினம் மூணு மணிக்கு இந்த விளம்பரம் வரும். அந்த ஆளு படிக்கிற வேகத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு வரிதான் பிடிக்க முடிஞ்சுது. அஞ்சு நாள் உக்காந்து எழுதினேன். ஆறாம் நாள் அட்டைய வச்சுச் சரிபாத்தேன். அப்புறம்தான் போன் பண்ணினேன். இதுல மாசக் கட்டணம் எங்க இருக்கு, காட்டுங்க."

அப்பா வாசித்தார். படத்துக்கும் பொருளுக்கும் நிறம் மாறலாம். வீட்டில் கொண்டுவந்து தரக் கட்டணம் தனி. பலன் ஆளுக்கு ஆள் மாறும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். வழக்கு என்றால் நிறுவனம் இருக்கும் ஊரில்தான்.

நான் கழுவிய தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நான் நசுக்கி அடைத்ததை உட்கார்ந்து எழுதிய ஆளை அதுவரை பார்த்ததில்லை. முதலில் ஒருவிதப் பெருமைதான் வந்தது. பிறகு வரிகளை எண்ணினேன். ஐந்து இருந்தன. எக்ஸ்பிரஸ் வாசித்தது ஆறு.

அம்மா ஒன்றை விட்டுவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் மதியம் அம்மா நிறுவனத்துக்குப் போன் செய்தாள். சாப்பிட வந்திருந்த அப்பாவும் நானும் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு குரல் ஒன்றை அமுக்கச் சொன்னது. அமுக்கினாள். மூன்றை அமுக்கச் சொன்னது. அமுக்கினாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றது.

"அவ்வளவு முக்கியம்னா எடுத்துப் பேச வேண்டியதுதானே" என்றாள் அம்மா.

"எந்திரத்துக்கிட்டச் சண்ட போடாத. அதுக்கும் கட்டணம் போட்டுருவான்" என்றார் அப்பா.

இருபத்து மூன்று நிமிடத்துக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள். சின்ன வயதுக் குரல். அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"விளம்பரத்துலயே சொல்லியிருக்கோம் மேடம். நாலாவது நிபந்தனை. முதல் மாதத்துக்குப் பிறகு பராமரிப்புத் திட்டத்துக்கான மாதக் கட்டணம் ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளப்படும்."

"இல்லம்மா. நாலாவது, இதய நோய் உள்ளவங்க டாக்டரக் கேக்கணும்ங்கறது. நான் எழுதி வச்சிருக்கேன்."

"அது அஞ்சாவது மேடம். எனக்கு முன்னாடி ஸ்கிரீன்லயே இருக்கு."

அம்மா அட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். அந்தப் பெண்ணின் குரல் இளகியது. "ரொம்ப வேகமாப் போகும்ல மேடம். நிறையப் பேருக்குக் காதுல விழாது. பெரியவங்களுக்கு இன்னும் கஷ்டம். நீங்க வருத்தப்படாதீங்க."

"சரி, இப்ப இத நிறுத்தணும்னா என்ன செய்யணும்?"

"பதினஞ்சு நாளைக்கு முன்னாடி பதிவுத் தபால்ல எழுதணும் மேடம். வெளியேறும் கட்டணம் தொள்ளாயிரம்."

"வெளிய போறதுக்குமா?"

"அது விதிமுறைப் புத்தகத்துல இருக்கு மேடம். வேணும்னா அனுப்பி வைக்கறோம். அதுக்கு மட்டும் ஒரு சின்னக் கட்டணம்..."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மூன்றாவது வரியிலும் நான்காவது வரியிலும் மாற்றி மாற்றி வைத்தாள்.

அந்தப் பணம் எங்களைச் சாய்த்துவிடாது. ஒரு கடிதம் எழுதி, தொள்ளாயிரத்தையும் தொலைத்துவிட்டுத் தலை முழுகியிருக்கலாம். ஆனால் அம்மாவின் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து மாலையில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மருந்துக்கடைப் பக்கம் போனபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

கடை வாசலில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அம்மா ஒரு அட்டையை எடுத்து வாசித்தாள். வெட்டினாள். திரும்ப வாசித்தாள். உறையில் போட்டாள். உறையிலிருந்து எடுத்து மருத்துவச் சீட்டோடு ஒட்டிப் பிடித்து வாசித்தாள். மறுபடி போட்டாள். மறுபடி எடுத்தாள்.

"அக்கா, எனக்குப் பஸ் போயிரும்" என்றார் ஒருவர்.

"என்னக்கா, இன்னிக்கு மாத்திரைய மனப்பாடம் பண்றீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். கேலிதான். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வியர்வையில் அவள் மூக்குக் கண்ணாடி வழுக்கி இறங்கியிருந்தது.

வீட்டில் சாப்பிடும்போது சொன்னாள். "ஆறு நாள் கேட்டிருக்கேன். எழுதியிருக்கேன். சரியும் பாத்திருக்கேன். ஒரு முழு வரி எனக்கு விழல. அஞ்சு மில்லிகிராமுக்குப் பதிலா ஐம்பது குடுத்துட்டா ஒரு உயிர் போயிருங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றார் அப்பா.

"ரெண்டயும் பாக்கறது நான்தானே?"

எழுந்து போய்த் தன் வங்கி அட்டையைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இனிமே நீங்களே வச்சுக்கங்க."

"நான் கேக்கலயே" என்றார். ஆனாலும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கடைல இந்த மாசத்தோட நின்னுக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் வேலை குறைவு. அந்த விளம்பரத்தின் கோப்பைத் திறந்தேன். நான்காவது வரியை எந்த அளவுக்கு நசுக்கியிருக்கிறேன் என்று பார்க்க நினைத்தேன். அது யாருக்குமே கேட்காது, ஒரு ஒலிப்பொறியாளருக்குக்கூடக் கேட்காது என்று அம்மாவிடம் சொல்லலாம். என்னைச் சொல்லாமல், பொதுவாக.

திரையில் ஆறு வரியும் இருந்தன. ஐந்து பச்சை. ஒன்று சாம்பல் நிறம். சாம்பல் என்றால் அதன் வாய் மூடியிருக்கிறது, அது ஒலிக்காது என்று அர்த்தம்.

இரண்டு முறை ஓட விட்டேன். நான்காவது வரி இல்லை. மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் முக்கால் விநாடி இசை மட்டும் போனது.

எப்படி நடந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த விளம்பரத்தை வெட்டி எல்லாம் முடிந்த பிறகு நிறுவனம் கட்டணத்தை நானூற்றுத் தொண்ணூறிலிருந்து ஐந்நூற்றுத் தொண்ணூறு ஆக்கியது. எக்ஸ்பிரஸ் வந்து அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி வாசித்துவிட்டுப் போனார். பழைய வரியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். அதன் வால் ஐந்தாவது வரியை மிதிக்கிறதா என்று பார்ப்பதற்காகப் புதியதன் வாயை ஒரு நிமிடம் மூடினேன். திறக்கவில்லை.

அந்தப் பதிவை மீட்டர் கேட்டார். நிறுவனத்தின் விளம்பர அதிகாரி கேட்டார். அவர்களுடைய வழக்கறிஞர் கேட்டு ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டார்கள். "இந்தத் தடவ கொஞ்சம் காத்தோட்டமா, நிதானமா இருக்கு" என்று அந்த அதிகாரி பாராட்டியது எனக்கு நினைவிருக்கிறது. பதினோரு வாரம் ஓடியிருக்கிறது. அந்த ஆறு விநாடியை உண்மையிலேயே கேட்டவள் அம்மா ஒருத்திதான்.

மீட்டரிடம் சொன்னேன். முதல் தடவையாக அவர் முள்ளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"எத்தன வாரம்?"

"பதினொண்ணு."

"எத்தன சேனல்னு சொல்லாத, வேணாம். அவங்க நம்மகிட்ட ஈடு கேட்டா இந்தக் கூடத்த வித்தாலும் பத்தாது. கீழ இருக்கற டயர் கடையும் சேத்து விக்கணும். அது நம்மளதுகூட இல்ல." எழுந்தார். உட்கார்ந்தார். "யாராச்சும் கேட்டாங்களா?"

எங்கம்மா என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. யாராவது என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

"அப்ப ஒண்ணும் ஆகல. அந்த வரியத் திற. புதுசா ஒண்ணு அனுப்பு. ஒலித் தரம் மேம்படுத்தப்பட்டதுன்னு மேல எழுது. அவங்களும் கேக்க மாட்டாங்க, நம்மளும் சொல்ல மாட்டோம்."

"அண்ணா..."

"உன்ன நான் எதாச்சும் சொன்னேனாம்மா? திட்டினேனா? செய். போ."

செய்தேன். சாம்பல் பச்சையானது. அனுப்பி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை அம்மா காது மருத்துவரிடம் போனாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து ஒலி கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். அம்மா ஒவ்வொரு தடவையும் உடனே கையைத் தூக்கினாள், பாடம் படித்து வந்த பிள்ளை மாதிரி.

"உங்க வயசுக்கு இப்படிக் கேக்கறது அபூர்வம்" என்றார் மருத்துவர்.

வெளியே வந்ததும் அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காது நல்லா இருக்காம்" என்றாள்.

"நல்லதுதானேம்மா."

"அப்ப மூளைதாண்டி போயிருச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நான் பையை அவளிடம் கொடுத்தேன். "பஸ் வந்திருச்சும்மா" என்றேன். ஏறினோம்.

ஞாயிறு மதியம் கடைக்கு விடுமுறை. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அம்மா அட்டையும் பேனாவுமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னும் அத விடலயா நீ?" என்றார் அப்பா.

"ஒரே ஒரு தடவ."

நான் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பழைய பதிவே வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோப்பு இன்னும் போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்தும் யாரும் மாற்றாமல் இருக்கலாம்.

அந்தப் பெண் கைப்பையை வீசினாள். காலை நுழைத்தாள். சிரித்தாள். எக்ஸ்பிரஸின் குரல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நான்காவது. அவசரமாக, நசுங்கி, ஆனால் இருந்தது. பிடித்துக்கொள்ளப்படும் என்ற கடைசிச் சொல் இதய நோயின் மேல் ஏறி விழுந்தது.

அம்மா தலை தூக்கவில்லை. மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவில் இடமில்லை. பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள். பழைய நான்கை ஐந்தாக்கினாள். ஐந்தை ஆறாக்கினாள்.

"இருக்குங்க" என்றாள். "அவங்க சொன்னதுதான் சரி. இருக்கு."

அப்பா கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் தொலைக்காட்சியை அணைத்தார். "விடும்மா. யாருக்கும் ஆகறதுதான்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா போனை எடுத்தாள்.

"தம்பி, நான்தான். நாளையிலருந்து வரல. இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. மாசக் கடைசி வரைக்கும் இருக்கலாம்னுதான் பாத்தேன், வேணாம். இல்ல தம்பி, யாரும் எதுவும் சொல்லல. என்னால முடியல. தப்பா எதாச்சும் குடுத்துட்டா... "

"அம்மா, போன வை."

"பேசிட்டு இருக்கேன்ல."

"வைம்மா!"

என் குரல்தான். அப்பா திரும்பிப் பார்த்தார். நான் அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்தேன்.

எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். முதலில் சாம்பல் நிறத்தைச் சொன்னேன், பிறகு டயர் கடையை, பிறகு மூச்சை. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பதிவையும் ஏற்றி வைத்திருந்த என் கணினியை எடுத்து வந்து, காதில் மாட்டும் கருவியை அம்மாவுக்கு மாட்டினேன். பழைய பதிவை ஓட விட்டேன்.

அம்மா மூன்று முறை கேட்டாள். பிறகு புதியதை ஒரு முறை கேட்டாள். கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அப்ப நான் எழுதினது சரி."

"சரிதாம்மா. ஒரு எழுத்து விடல."

அப்பா சட்டைப் பையைத் தடவினார். வங்கி அட்டையை எடுத்து மேசையில் வைத்து, அம்மா இருக்கும் பக்கமாக நகர்த்தினார். அம்மா அதைத் தொடவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"காது டாக்டர்கிட்டப் போனது?"

"சனிக்கிழமை."

"என் பைய மடில வச்சுட்டு உக்காந்திருந்த."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூளை போயிருச்சுன்னு சொன்னேன். பஸ் வந்திருச்சும்மான்னு சொன்ன."

"பயமா இருந்துச்சும்மா. வேல போயிரும்னு."

"எனக்கும் வேல போக இருந்துச்சு." காதில் மாட்டிய கருவியை விரலால் தள்ளினாள். பிறகு, "இப்ப மாட்டிவிட்டியே, அதுல ஒரு வரி மேல இன்னொரு வரி ஏறி உக்காந்திருக்கு. அது தப்பா நடந்ததா, வேணும்னு செஞ்சதா?" என்றாள்.

"நேரம் பத்தாதும்மா. ஆறு விநாடிதான் குடுப்பாங்க."

"அத நான் கேக்கல."

"வேணும்னு செஞ்சதுதான்."

"யாருக்கும் வெளங்கக் கூடாதுன்னு."

"ஆமா."

"பாட்டுன்னுல்ல நான் நெனச்சேன்" என்றாள் அம்மா. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருட்டும் வரை அங்கேயே நின்றிருந்தாள். அப்பா இரண்டு முறை கதவருகே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருட்டிய பிறகு உள்ளே வந்து கடைக்காரருக்குப் போன் செய்து, காலையில் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். என்னிடம் பேசவில்லை.

நான் மீட்டரை அழைத்தேன்.

"அண்ணா, நான் கம்பெனில சொல்லப் போறேன்."

"என்னத்தச் சொல்லப் போற?"

"நாலாவது வரி போகலன்னு. அந்தக் கட்டணம் எங்கம்மாகிட்டயும் பிடிச்சிருக்காங்கண்ணா. அதுல அவங்க எழுதி வச்சத யாரும் நம்பல."

பின்னால் அவர் வீட்டுத் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது.

"உங்கம்மாக்கு நான் திருப்பித் தர்றேன். என் கையிலருந்து தர்றேன்."

"பணம் இல்லண்ணா."

"எக்ஸ்பிரஸுக்கு இத விட்டா வேற வருமானம் இல்ல. தெரியும்ல?"

"தெரியும்ணா."

"தெரிஞ்சுதான் செய்யற" என்றார். வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. அம்மா கடைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளை மேல்சட்டையை மாட்டிக்கொண்டு போனை எடுத்தாள். ஒன்றை அமுக்கினாள். மூன்றை அமுக்கினாள். அந்த நேரத்தில் கூட்டம் இல்லை போலிருக்கிறது. உடனே எடுத்தார்கள். அன்று பேசிய அதே பெண்ணா என்று தெரியவில்லை.

"போன வாரம் வரைக்கும் உங்க விளம்பரத்துல நாலாவது நிபந்தனை வரவே இல்லம்மா. நான் எழுதி வச்சிருக்கேன்" என்றாள் அம்மா. குரல் தெளிவாக இருந்தது.

"வருது மேடம். நேத்துகூட வந்திருக்கு."

"நேத்து வந்துச்சு. அதுக்கு முன்னாடி பதினோரு வாரம் வரல. உங்க ஸ்கிரீன்ல இருக்கும், டிவில இருந்திருக்காது. நீங்க கேட்டுப் பாத்திருக்கீங்களா?"

"அது... எங்க வேல இல்ல மேடம். அப்படி வரலன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"அதச் செஞ்சவங்க சொன்னாங்க."

"யாரு மேடம் அவங்க? பேரு சொல்ல முடியுமா?"

அம்மா போனை உள்ளங்கையால் மூடினாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"என் மனசுக்கு நேத்தே தெளிஞ்சிருச்சு. நான் வேலைக்குப் போறேன். எனக்கு இது போதும்" என்றாள். "உன் பேர நான் சொல்ல மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

"மேடம், இருக்கீங்களா?" என்றது போன்.

அம்மாவுக்குப் போதும் என்பது உண்மைதான். இங்கேயே நிறுத்தினால் மீட்டர் பிழைப்பார். எக்ஸ்பிரஸ் பிழைப்பார். நானும் ஒன்பது மணிக்கு வழக்கம் போல மாடி ஏறலாம். இன்று வெட்டுவதற்கு மூன்று விளம்பரம் இருக்கிறது. ஒன்று கடன் அட்டை.

கையை நீட்டினேன். அம்மா போனைக் கொடுத்தாள்.

செருமிக்கொண்டு என் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குப் பிடிபடவில்லை. எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"உங்க விளம்பரத்துல நிபந்தனைகள வெட்டிச் சேக்கறது நான்தான். நாலாவது வரி விட்டுப்போனது என் தப்பு. ஒளிபரப்பான பதிவு எங்கிட்ட இருக்கு. தேதியும் இருக்கு. அந்தப் பதினோரு வாரத்துல வாங்கினவங்க யாருக்கும் இது சொல்லப்படல."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க மேடம். டைப் பண்றேன்."

முதலிலிருந்து சொன்னேன். ஒவ்வொரு வரியாக நிறுத்தி, அவள் அடித்து முடிக்கும் வரை காத்திருந்து, அடுத்த வரியைச் சொன்னேன். கூடத்தின் பெயரைக் கேட்டாள். அதையும் சொன்னேன்.

"ஒரு நிமிஷம் மேடம். மேல பேசிட்டு வந்துர்றேன்" என்றாள். அவள் குரலில் முன்பிருந்த பழக்கப்பட்ட வேகம் இல்லை.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டினாள். மேசையில் கிடந்த வங்கி அட்டையை எடுத்து உள்ளே போட்டு மூடினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "லைன வச்சுராத" என்றாள்.

"வைக்கலம்மா."

"ஒரு மணிக்குள்ள சாப்பிட்டுரு."

அவள் படியிறங்கிப் போனாள். நான் சுவரோரமாக நின்று, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.